தலை யாருடையது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், கிரேக்கக் கதையில் வரும் பாம்புக் கூந்தல்காரி மெடூசாவின் சிலைப் படத்துக்குக் கீழே 'தன்னைக் கெடுத்தவனின் தலையைக் கொய்த அரக்கி' என்று போட்டிருந்தீர்கள். ஒரே வரி, அதற்குள் இரண்டு தப்பு. அவள் கையில் இருப்பது அதே கதையின் வீரன் பெர்சியஸின் தலை. அவன் அவளைக் கெடுத்தவன் இல்லை, கதையில் தூங்கிக்கொண்டிருந்தவளின் கழுத்தை வெட்டியவன். ரோமானியக் கவி ஓவிட் சொல்லும் கதையில், கோவிலுக்குள் வைத்து அவளைக் கெடுத்தது கடல் தெய்வம் நெப்டியூன், அதாவது கிரேக்கர்களின் பொசைடன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோவில் தீட்டாகிவிட்டது என்று அதன் தேவி மினர்வா இவள் கூந்தலைத்தான் பாம்பாக்கினாள். நம் இந்திரனுக்காவது உடம்பெல்லாம் சாபம் கிடைத்தது. அப்புறம், இதில் அரக்கி யார்? உங்களுக்குத் தெரியாததா!

நான் அந்தச் சிலையை நேரில் பார்த்தவள். 2020இல் மகளின் பிரசவத்துக்காக நியூயார்க் போய், கொரோனாவில் ஊர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தபோது, முகக்கவசத்தோடு குளிரில் நின்று பார்த்தேன். கலெக்ட் பாண்ட் பூங்கா, எதிரே, ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வெயின்ஸ்டீன் மீதான பாலியல் வன்முறை வழக்கு நடந்த நீதிமன்றம். ஏழடி வெண்கலம். இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் இருக்கும், பழைய சிற்பி செல்லினி செய்த பெர்சியஸ் (அங்கே நான் போனதில்லை, படம்தான்) மெடூசாவின் உடம்பை மிதித்துக்கொண்டு தலையை உயரத் தூக்கிக் காட்டுவான். இவள் தூக்கிக் காட்டவில்லை, தலையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு நம்மை நேராகப் பார்க்கிறாள். "தலை தப்பான ஆளோடதும்மா" என்றாள் மகள். சரிதான், அங்கேயும் பலர் அதைக் கேட்டார்கள். செல்லினியின் சிலையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டதால் பெர்சியஸ்தான் வர முடியும். ஆனால் செய்தவர் ஓர் ஆண், பெண்ணோ விளம்பர மாடல் மாதிரி நிற்கிறாள். இதையெல்லாம் எழுதியிருக்கலாமே.

நீங்கள் சிற்பியின் பெயரைக்கூடப் போடவில்லை. 'நன்றி: இணையம்.' எந்தப் படத்துக்கும் இதேதான். இணையம் எப்போது உளி பிடிக்கக் கற்றுக்கொண்டது? மூன்று வருஷத்துக்கு முன் இதே விஷயமாக இரண்டு பக்கம் எழுதினேன், அதில் 'அட்டைப்படம் அருமை' என்ற வரியை மட்டும் எடுத்துப் போட்டீர்கள், அதுவும் என்னைத் 'திரு' ஆக்கி. ராசிபலன் பக்கத்தில் மட்டும் இதுவரை ஒரு பிழை பார்த்ததில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு வரி: சிற்பி லூசியானோ கர்பாட்டி, 2008, தலை பெர்சியஸுடையது. இடம் இல்லையென்றால் 'நன்றி: இணைய'த்தை எடுத்துவிடுங்கள், இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர் (திருமதி)