ஐஸ் வாடி அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

வெள்ளம் வந்து கரன்ட் போனதில் என்ன நடந்தது என்று மட்டக்களப்பில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கரன்ட் வந்துவிட்டது. கடைசித் தாங்கியையும் வடித்து முடித்தாயிற்று. மனது ஆறுமுன் எழுதிவிடவேண்டும் என்று றம் வடிசாலையில் வேலைசெய்கிற நாங்கள் எல்லாரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

தண்ணீர் வடிந்தும் வடியாத வீதியில் அம்பாறை, கல்முனை வழியாக, றம்முக்கான கரும்புப் பாகு கொண்டுவந்த பவுசர்காரர். தன் வீட்டு ஜெனரேட்டரைக் கழற்றி ஏற்றிவிட்டவர். வாவித் தண்ணீரைக் குளிர்த்திச் சுருளுக்குள் விட்டால் உப்பு செம்பை அரித்துவிடும் என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் நல்ல தண்ணீர் பவுசர் அனுப்பியவர். தன் பாணுக்கே ஈஸ்ட் போதாதிருந்தும் இரண்டு பக்கற் தந்த பேக்கரிக்காரர். நேரங்கெட்ட நேரத்திலும் வந்து பதிவு வேலையை முடித்துத் தந்த மதுவரி உத்தியோகத்தர்கள். உங்கள் எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத வேண்டியது, இப்போதைக்கு ஒரே மூச்சில் சொல்கிறோம்.

மீனவர்களுக்கு ஐஸ் கொடுக்கும் வாடி அண்ணனைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக.

“றம் காய்ச்ச நெருப்புத்தானே வேணும், ஐஸ் என்னத்துக்கு?” என்று வழியில் கேட்டவர்கள் பலர். காய்ச்சுவது பிந்திய வேலை. அதற்கு முன் பாகைத் தண்ணீரில் கரைத்து ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கவேண்டும். இந்தக் கரைசலைத்தான் கோடா என்போம். தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று வைத்து, கோடாவின் அடர்த்தி 1.080 அளவில் தொடங்கினால், ஒரு லீட்டரில் புளிக்கக்கூடிய சீனி 120 முதல் 130 கிராம் இருக்கும். ஒரு கிலோ சீனி புளிக்கும்போது ஏறத்தாழ 130 கிலோகலோரி வெப்பம் வெளிவருகிறது. அந்த வெப்பம் வெளியே போக வழியில்லையென்றால் கோடா தானாகவே 16 பாகை செல்சியஸ் ஏறிவிடும். நம்முடைய பக்கத்தில் தாங்கி 29 பாகையில்தான் தொடங்கும். கூட்டிப் பாருங்கள்.

ஈஸ்ட்டுக்கு 30, 32 நல்லது. 35 தாண்டினால் சோர்ந்துபோகும். 38, 40க்கு வரும்போது மதுசாரமும் கூடியிருக்கும், இரண்டும் சேர்ந்து அதைக் கொன்றுவிடும். புளிப்பு பாதியில் நின்றால் சீனி மிச்சமாகும். அந்தச் சீனியில் பக்டீரியா புகுந்து கோடா புளித்த காடியாகும். வடிக்கப்போனால் மிச்சச் சீனி காய்ச்சும் கலத்தின் அடியில் பிடித்துக் கருகும், அந்தக் கருகல் வாடை எத்தனை தரம் வடித்தாலும் போகாது. வழமையாகத் தாங்கிக்குள் இருக்கும் சுருளில் குளிர்ந்த தண்ணீர் ஓடும். மோட்டர் நின்றால் அதுவும் நின்றது. ஜெனரேட்டர் வந்துசேரும்வரை வெப்பமானி ஏறுவதைத்தான் பார்க்க முடிந்தது.

அப்போதுதான் அண்ணன் ஐஸோடு வந்தார். யாரும் கேட்கவில்லை. மீனவர்கள் கடலுக்குப் போகாததால் ஐஸ் தேங்கி நிற்கிறது, உருகி ஓடுவதைவிட யாருக்காவது உதவட்டும் என்று லொறியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இத்தனைக்கும் அவர் எங்கள் தொழிலை விரும்புகிறவர் இல்லை. குடி இந்த ஊர்களில் எத்தனை குடும்பத்தைக் கெடுத்தது என்று எங்கள் முகத்துக்கு நேரே பேசியிருக்கிறார். அதில் பிழையும் இல்லை. அன்றும் தாங்கிக் கூடத்துக்குள் கால் வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே, “உங்கட சாமான் எனக்குச் சரிவராது. அதுக்காக ஒரு சாமான் பழுதாகிறதப் பாத்துக்கிட்டு நிக்க ஏலா” என்றார்.

ஐஸைவிட அவர் சொன்ன முறைதான் பெரிய உதவி. கட்டியை நேரே கோடாவுக்குள் போடக்கூடாது என்பது எங்களுக்குத் தெரியும்: கரைசல் ஐதாகும், மீனுக்கான ஐஸ் குடிதண்ணீரில் செய்ததும் அல்ல. கேனில் அடைத்து இறக்கலாம் என்று நாங்கள் கட்டியை உடைத்துத் திணித்தோம். “துண்டுக்கு நடுவுல காத்து நிக்குது, குளிர் வெளிய வராது. ஒரு போத்தல் தண்ணி ஊத்து” என்றார். சரிதான்: இடைவெளியைத் தண்ணீர் நிரப்பியதும் கேனின் சுவர் முழுக்கக் குளிர் ஏறியது. அடுத்து, கேனை அடியில் தாழ்த்தாமல் மேல்மட்டத்திலேயே தொங்கவிடச் சொன்னார். குளிர்ந்தது கீழே இறங்கும், சூடானது மேலே வரும், கலக்கி இல்லாமலே தாங்கி தானாகச் சுழலும். மீன் பெட்டியில் மேலே ஐஸ் போடுகிறவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வலைக் கயிற்றால் கேனைக் கட்டும் முடிச்சையும் அவரே போட்டுத் தந்தார்.

ஆயிரம் லீட்டர் கோடாவை ஒரு பாகை இறக்க 9 கிலோ அளவில் ஐஸ் போதும். இறக்கிவிடுவது நோக்கமல்ல, 33ஐத் தாண்டாமல் பிடித்து வைப்பதுதான். திடீரென்று அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் ஈஸ்ட் அடியில் படிந்து உறங்கிவிடும். கேன் மாற்றும் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னோம்: தாங்கிக்குள் தலையை நீட்டாதே. கோடாவின் மேல் கரியமில வாயு கனமாகப் படுத்திருக்கும், இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடும். கயிற்றைப் பக்கத்தில் நின்றுதான் இழுக்கவேண்டும்.

ஒரு தாங்கி மட்டும் முன்பே சூடேறி நின்றுவிட்டது. பேக்கரி ஈஸ்ட் போனது அதற்குத்தான். மதுசாரம் உள்ள கோடாவில் உலர் ஈஸ்ட்டை அப்படியே தூவினால் செத்துப்போகும். இளஞ்சூட்டுச் சீனித் தண்ணீரில் எழுப்பி, நுரைத்ததும் கோடாவைச் சம பங்காகச் சேர்த்து, அதுவும் நுரைத்த பிறகு மறுபடியும் சேர்த்து, அப்படிப் பழக்கித்தான் உள்ளே விடவேண்டும். பாகுக் கோடாவில் உப்பும் சாம்பலும் இருப்பதால் அடர்த்தி 1.000க்கு இறங்காது, 1.025க்கு அருகில் அசையாமல் நின்றால் முடிந்தது என்று அர்த்தம். அந்தத் தாங்கி அதற்கும் கொஞ்சம் மேலேயே நின்றது. வடித்தபோது, முதலில் வரும் தலைவடியில் நகப்பூச்சு வாடை தூக்கலாக இருந்தது, றம்முக்கு எடுக்கும் நடுவடி வழமையைவிடக் குறைவு. மற்றவை சுத்தமாக வந்தன.

அண்ணன் காசு வாங்கவில்லை. போத்தல் கொடுக்கவும் எங்களுக்கு வாய் வரவில்லை, அது அவரை அவமதிப்பதாகும். இனிமேல் இந்த வடிசாலையில் ஓடும் ஜெனரேட்டர் எதுவானாலும் அவருடைய ஐஸ் அறைக்கும் சேர்த்துத்தான். கரன்ட் போனால் முதல் வயர் அங்கே போகும், பிறகுதான் எங்கள் மோட்டர். இதை எல்லார் முன்னிலையிலும் எழுதி வைக்கிறோம், நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக்கூடாது என்பதற்காக.

அண்ணன், உங்கட கேன் எல்லாம் சோடாத் தூளில் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறோம். கோடா வாடை துளிகூட இல்லை, முகர்ந்து பார்த்தே எடுங்கள். திங்கட்கிழமை காலை வாடிக்குக் கொண்டுவருகிறோம்.