பாகோ பாகோ அல்ல, பாஙோ பாஙோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பின் பயணப் பக்கத்தில் பசிபிக் தீவான சமோவா பற்றி வந்த கட்டுரையில் படம் ஒரு சமோவாவுக்கும் விசா விவரம் இன்னொரு சமோவாவுக்கும் உரியவை. நேரக் கணக்கு இரண்டுக்குமே பொருந்தவில்லை. அதை நம்பி யாராவது பயணச்சீட்டு வாங்கிவிடுவதற்குள் இதை வெளியிட வேண்டுகிறேன்.

1899-ல் ஜெர்மனியும் அமெரிக்காவும் சமோவாத் தீவுகளைப் பங்கு போட்டுக்கொண்டன. ஜெர்மனிக்குப் போன மேற்குப் பகுதி பிறகு நியூசிலாந்தின் கைக்கு மாறி, 1962-ல் சுதந்திர நாடானது, தலைநகர் ஆப்பியா. கிழக்குப் பகுதி இன்றும் அமெரிக்க ஆட்சிப் பகுதி, பெயர் அமெரிக்க சமோவா. துத்துவிலா என்ற பெரிய தீவும், தாஊ, ஓஃபு, ஓலோசெஙா முதலிய சிறு தீவுகளும் அதில் அடக்கம். எல்லாம் சேர்த்தும் ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர்தான், பினாங்குத் தீவைவிடச் சிறியது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 49,710. கட்டுரையில் 'பாகோ பாகோ' என்ற பெயரோடு படமாக வந்த துறைமுகம் இங்கே, துத்துவிலாவில்தான் இருக்கிறது.

நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு சமோவாவுக்கும் இடையே சுமார் 125 கிலோமீட்டர். கடிகாரம் ஒரே மணியைக் காட்டும், நாள்காட்டியோ ஒரு நாள் வேறுபடும். மலேசியாவில் நமக்குத் திங்கள் காலை 10 மணி என்றால் ஆப்பியாவில் திங்கள் பிற்பகல் 3, துத்துவிலாவில் ஞாயிறு பிற்பகல் 3. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வணிகத்துக்காகச் சுதந்திர சமோவா 2011 டிசம்பர் 30-ஐ அப்படியே விட்டுவிட்டு, 29-க்கு அடுத்த நாளை 31 ஆக்கிக்கொண்டது. (1892-ல் இதற்கு நேர்மாறாக ஜூலை 4-ஐ இரண்டு முறை கொண்டாடினார்கள்!) ஆகவே ஆப்பியாவில் திங்கட்கிழமை சிறு விமானம் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை இறங்குவீர்கள். கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும், பேருந்தும் ஓடாது. திரும்பும்போது வலி அதிகம்: சனி நண்பகல் கிளம்பினால் ஆப்பியாவில் ஞாயிறு நண்பகல். சனி இரவுக்கு ஆக்லாந்து விமானம் பதிந்தவருக்கு அது போய் வெகுநேரம் ஆகியிருக்கும்.

அமெரிக்க விசா இருந்தால் போதும் என்று எழுதியிருந்தீர்கள். போதாது. அமெரிக்க சமோவாவின் குடிநுழைவை அங்குள்ள அரசே தன் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் வழியே நடத்துகிறது. அனுமதியை முன்கூட்டியே அங்கே கேட்டுப் பெற வேண்டும். ஹவாயிலுள்ள ஹோனலுலு வழியாகப் போகிறவருக்கு அதோடு அமெரிக்க விசாவும் வேண்டும். விமானம் மாறுவதற்கே மலேசியக் கடப்பிதழுக்கு விசா கேட்கும் நாடு அது. இன்னொன்று, துத்துவிலாவில் வண்டி வலப்பக்கம் ஓடும். ஆப்பியாவில் 2009 முதல் நம்மைப்போல் இடப்பக்கம்.

கடற்கரை பொதுச்சொத்து என்று நினைத்து இறங்கிவிடக் கூடாது. நிலத்தில் பெரும்பகுதி குடும்பங்களின் கூட்டுடைமை. மத்தாய் எனப்படும் குடும்பத் தலைவர் அதை நிர்வகிக்கிறார். குளிப்பதற்கும் படமெடுப்பதற்கும் அந்த ஊராரிடம் கேட்க வேண்டும். அமெரிக்க அரசே தன் தேசியப் பூங்காவுக்கு நிலத்தை விலைக்கு வாங்க முடியாமல், 1993-ல் ஊர்களிடமிருந்து 50 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. அங்கே பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள் அல்லர், 'நேஷனல்' என்ற தனி நிலையினர். குடியுரிமை தானாக வந்தால் இந்த நிலமுறை நீதிமன்றத்தில் உடைந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் அங்கேயே உண்டு. இங்கே தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதைப் பார்த்த நமக்கு அந்த அச்சம் புரியாததல்ல.

மாலையில், பெரும்பாலும் 6 மணியையொட்டி, மணி ஒலிக்கும். பல ஊர்களில் அது கட்டித் தொங்கவிட்ட பழைய எரிவாயு உருளைதான். 'ஸா' என்னும் அந்தப் பிரார்த்தனை நேரத்தில் ஊருக்குள் நடக்காமல் நின்றுவிட வேண்டும். வீட்டில் சம்மணமிட்டு உட்காருங்கள். காலை யார் பக்கமும் நீட்டாதீர்கள்.

உணவில் நாம் அந்நியர் அல்ல. ஈரப்பலா, அதாவது நம் சுக்குன், சேம்பு, தேங்காய், எல்லாம் எங்கள் ஊர் பாகான் டத்தோவிலும் கிடைப்பவை. பாலுஸாமி என்னும் அவர்களுடைய பண்டத்துக்கு இளஞ்சேம்பிலை நான்கைந்தைக் காம்பு நீக்கிக் கிண்ணம்போல் குவித்து, தண்ணீர் விடாமல் பிழிந்த முதல் தேங்காய்ப்பால், வெங்காயம், உப்பு சேர்த்து, வாட்டிய வாழையிலையில் கட்டிச் சுட்ட கற்களின்மேல் வைப்பார்கள். நம் வீட்டில் இட்லிச் சட்டியில் ஒரு மணி நேரம் வேகவைக்கலாம். அவசரப்பட்டால் தொண்டை அரிக்கும். இலையிலுள்ள ஆக்ஸலேட் ஊசிகள்தான் காரணம்.

கடைசியாக, அந்தத் துறைமுகத்தின் பெயர். மதபோதகர்கள் சமோவா மொழியை ரோமன் எழுத்தில் எழுதியபோது 'ங' ஒலிக்கு 'ஜி' (g) எழுத்து ஒன்றையே வைத்தார்கள். 'பாகோ' தவறு; 'பாங்கோ'வும் சரியல்ல. நம் 'பூங்கா'வில் ககர ஒலி உண்டு, மலாய்க்காரர் 'புஙா' என்னும்போது அது இல்லை. அந்த ஒலிதான் வேண்டும். இரு மொழிகளும் ஒரே குடும்பம்: மலாயில் வானம் லாஙிட், அங்கே லாஙி, ஐந்து இரண்டிலும் லீமா, கண் இரண்டிலும் மாத்தா. அரிச்சுவடியில் வேலையில்லாமல் கிடக்கும் 'ஙோ'வுக்கு இதோ ஒரு வேலை. திருத்தம் போடும்போது, மெய்ப்புப் பார்ப்பவர் அதைப் பிழையென்று நினைத்து மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
பாகான் டத்தோ, பேராக்