கொடி நாளன்று கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

டிசம்பர் 7 படைவீரர் நலனுக்கான கொடி நாள். 1949 முதல் அன்றைக்குச் சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு உண்டியலில் காசு போடுவது வழக்கம். மதுரையில் எங்கள் தேவாலயப் பங்கின் பழைய கல்லறைத் தோட்டத்தில் இம்முறை, அங்கே அடக்கமாகியிருக்கும் பட்டாளத்துக்காரர்களுக்கு மரியாதையும் செய்தோம். அதற்குக் கைகொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அவரவர் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார்கள். வாரிசுகள் ஊரைவிட்டுப் போய்விட்ட கல்லறைகளைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொள்ளும். பட்டாளத்தார் கல்லறைகள் பலவும் அப்படித்தான் கிடந்தன. மேலாக வெட்டினால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும் என்று தூரோடு தோண்டி எடுத்த தெருப் பையன்களுக்கு முதல் நன்றி.

அடுத்து கல்கொத்தும் அண்ணன். சிலர் ஆசிட் பாட்டிலோடு வந்து நின்றார்கள். "ஆசிட் பட்டா சுண்ணாம்புச் சாந்து பொரிஞ்சு போகும், கம்பி பிரஷும் ஆகாது" என்று தடுத்தவர் அவர். வெறும் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும்தான். தேய்ந்த எழுத்தைப் படிக்க விடிகாலையில் வரச் சொன்னார். வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு வெட்டிலும் நிழல் தங்கி, எழுத்து தானாக எழும்பி வந்தது. ஒரு கல்லில் பாசியை எடுத்ததும் யானை ஒன்று தெரிந்தது. நாங்கள் ஏதோ அலங்காரம் என்றே நினைத்தோம். ஓய்வுபெற்ற ஹவில்தார் ஐயா பார்த்தவுடன் விறைப்பாக நின்றுவிட்டார். மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னமாம். 1803-இல் ஆங்கிலேயர் மராத்தியரோடு மோதிய அசாயே போரில் காட்டிய வீரத்துக்கு மதராஸ் படைக்குக் கிடைத்த யானை அது.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வேனில் வந்த முன்னாள் படைவீரர்களை மறக்க முடியாது. அவர்களில் ஒருவர், "எங்க ஆளுகளுக்கு ஏது கல்லறை? எரிச்சு வைகையில கரைச்சுட்டோம். அவுக பேரையும் வாசிங்க" என்றார். சரி என்று எல்லாப் பெயர்களையும் வாசித்தோம். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையிலும் இப்படிப் பெயரை வைத்து நினைவுகூரும் வழக்கம் உண்டு. பல ஊர்களில் அடக்கமாகி, கல்லறையைப் பராமரிக்க முடியாமல் போன முதல் உலகப்போர் வீரர்கள் ஆயிரம் பேருக்கு மேல் அங்கே பெயராக மட்டும் இருக்கிறார்கள்.

பனிக்காலத்தில் மல்லி விற்கும் விலை ஊருக்கே தெரியும். அப்படியும் காசு வாங்காமல் கூடை நிறையக் கொடுத்த மாட்டுத்தாவணி பூக்கடை அக்காவுக்கும், இறந்த வீரர்களுக்கு மரியாதையாகப் பியூகிளில் 'லாஸ்ட் போஸ்ட்' இசையை ஊதிய என்.சி.சி. தம்பிக்கும் நன்றி. நடுவில் ஒரு சுரம் வழுக்கியது. அதனால் என்ன, நன்றாகவே ஊதினான். வேலை முடியும்வரை கேட்டைத் திறந்துவைத்த பங்குத்தந்தைக்கும், டீ போட்டுக் கொடுத்த காவல்காரர் வீட்டாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ பட்டாளத்தில் இருந்திருந்தால், எந்த மதமானாலும், பெயரையும் படை எண்ணையும் எழுதிக் காவல்காரரிடம் கொடுங்கள். பழைய பென்ஷன் புத்தகத்தில் எண் இருக்கும். அடுத்த கொடி நாளில் அவர்கள் பெயரையும் சேர்த்து வாசிக்கிறோம்.

இப்படிக்கு,
கல்லறைத் தோட்டப் பணிக்குழுவினர், மதுரை