கைடு சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

வளைந்த காலை நேராக்கும் அறுவை சிகிச்சை பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒவ்வொருவருடைய எலும்புக்கும் தகுந்த மாதிரி முப்பரிமாண பிரின்டரில் செய்து எடுக்கிற கைடு, அதாவது எலும்பின் மேல் வைத்து ரம்பம் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டும் அச்சு, வந்துவிட்டது, இனி வெட்டுவதில் தவறே நேராது என்கிற தொனியில் அது எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. பல வருடம் எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் கருவிகளை எடுத்துக் கொடுத்த நர்ஸ் நான், அந்தக் கைடுகளைக் கையில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், நல்ல கருவிதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது எலும்பின் மேல் எப்படி உட்காருகிறது என்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லையே.

காலின் பாரம் இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு கோடு போட்ட மாதிரி இறங்குகிறது. கால் வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருந்தால் அந்தக் கோடு முழங்காலின் உள்பக்கமாகப் போகும், அந்தப் பக்கத்துக் குருத்தெலும்பு மட்டும் தேய்ந்துகொண்டே வரும். அதனால் முழங்காலுக்குக் கீழே இருக்கிற டிபியா எலும்பை உள்பக்கத்திலிருந்து வெட்டி, மெதுவாக விரித்து, பிளேட் என்கிற உலோகத் தகட்டை வைத்து ஸ்க்ரூ போடுகிறார்கள். வெளிப்பக்கம் சுமார் 1 சென்டிமீட்டர் எலும்பை வெட்டாமல் கதவுக்குக் கீல் மாதிரி விட்டுவைக்க வேண்டும். ரம்பம் அதைத் தாண்டினால் கீல் உடைந்துவிடும். பின்பக்கமோ முழங்காலின் பெரிய ரத்தக் குழாய் எலும்பை ஒட்டியே ஓடுகிறது. இத்தனைக்கும் நடுவில்தான் வெட்டு விழ வேண்டும்.

எவ்வளவு விரிப்பது என்பது அடுத்த சங்கதி. 1 மில்லிமீட்டர் விரித்தால் 1 டிகிரி நிமிரும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. எலும்பின் அகலம் 57 மில்லிமீட்டராக இருந்தால்தான் அது சரி. 75 மில்லிமீட்டர் அகலமான எலும்பில் 10 மில்லிமீட்டர் விரித்தாலும் ஏழரை டிகிரிக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். இந்த இடத்தில் கைடு உண்மையிலேயே பெரிய உதவி. சிடி ஸ்கேனை வைத்து, வெட்டு எந்தச் சாய்வில் போக வேண்டும், எவ்வளவு ஆழம், ஸ்க்ரூ எங்கே விழ வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்து அதற்கேற்ப ஓட்டைகளும் ரம்பத்துக்கான பிளவும் வைத்துச் செய்கிறார்கள். சிலவற்றில் ஸ்க்ரூவுக்கான ஓட்டைகளையும் முதலிலேயே போட்டுவிடுவார்கள், அப்புறம் விரித்துவிட்டுப் பிளேட்டை அந்த ஓட்டைகளில் பொருத்தும்போது எலும்பு திட்டமிட்ட கோணத்துக்குத் தானாக வந்து நிற்கும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது அசந்துபோனேன்.

சரி, தவறு எங்கே நுழைகிறது? அந்தக் கைடு வெறும் எலும்பின் மேடுபள்ளத்துக்குத்தான் அச்சு. எலும்பின் மேல் சவ்வு கொஞ்சம் ஒட்டியிருந்தாலே போதும், ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். ஒரு நாள் டாக்டர் கைடை வைத்து விரலால் ஒவ்வொரு மூலையாக அழுத்திப் பார்த்தார், கீழ் மூலை மட்டும் மயிரிழை அளவு ஆடியது. தள்ளி நின்ற யாருக்கும் அது தெரிந்திருக்காது. எடுத்துவிட்டு என்னிடம் சுரண்டியைக் கேட்டார், நகத்தளவு சவ்வு ஒன்று வந்தது. மறுபடி வைத்தபோது நறுக்கென்று உட்கார்ந்தது, அழுத்தினால் அசையவில்லை. அதற்கப்புறம்தான் கைடின் ஓட்டை வழியாக, வெட்டுக்கு வழிகாட்டும் கம்பியை எலும்பில் போட்டார். இன்னொரு சமயம், வேறோர் இடத்தில், அவசரத்தில் அந்த ஆட்டத்தைப் பார்க்காமலே முதல் கம்பியைப் போட்டுவிட்டார்கள். ஆபரேஷன் நடுவிலேயே படம் காட்டுகிற சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்தால் கம்பி மூட்டை நோக்கி மேலே ஏறியிருந்தது. நல்லவேளை, ரம்பம் இன்னும் போகவில்லை. கைடைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய முறையில், எக்ஸ்ரே பார்த்துப் பார்த்து இரண்டு கம்பி போட்டு அதன் கீழே வெட்டினார்கள். அன்றைக்கு அந்த நோயாளியைக் காப்பாற்றியது அந்தப் படத்தைப் பார்த்த கண்தான்.

ரம்பத்தையும் சொல்லியாக வேண்டும். மழுங்கிய பிளேடு சூடேறும், 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்புச் செல்கள் சாகும் என்பதை நாங்கள் படித்துத்தான் வந்தோம். கைடின் குறுகிய பிளவுக்குள் பிளேடு ஓடும்போது தண்ணீர் உள்ளே சரியாகப் போகாது, விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நடுநடுவே நிறுத்தவும் வேண்டும். அது என் வேலை, அதனால் எனக்கு நன்றாகத் தெரியும்.

இதையெல்லாம்விட முக்கியமானது கைடு வருவதற்கு முன்பே நடக்கிறது. சிடி ஸ்கேனைப் படுக்க வைத்துத்தான் எடுக்கிறார்கள். பாரம் எங்கே இறங்குகிறது என்பது, நோயாளி நிற்கும்போது இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே படமாக எடுக்கிற எக்ஸ்ரேயில்தான் தெரியும். அதிலும் முழங்கால் சில்லு நேராக முன்னால் பார்க்க வேண்டும், கால் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் வளைவின் அளவு மாறிக் காட்டும். அந்தப் படம் கோணலாக இருந்தால் அதை வைத்துப் போட்ட திட்டமும் கோணல், கைடு அந்தக் கோணலை அப்படியே துல்லியமாக எலும்பில் வெட்டிக் கொடுத்துவிடும்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது நோயாளிகள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் போடுங்கள். நிற்க வைத்து முழுக்கால் எக்ஸ்ரே எடுத்தீர்களா, எத்தனை டிகிரி திருத்தப் போகிறீர்கள், கைடு பொருந்தாவிட்டால் அது இல்லாமலே செய்து முடிக்கிற அனுபவம் உண்டா என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. நான் வேலை பார்த்த நல்ல சர்ஜன்கள் எல்லோரும் இதற்கு, படத்தை வெளிச்சத்தில் மாட்டி, ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுக் காட்டித்தான் பதில் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்