செயலாளரின் ஆண்டறிக்கை: கொசுவலைப் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கென்யாவின் கிசுமு வாழ் தமிழ்க் குடும்பங்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, தமிழ் வகுப்பு, விளையாட்டுப் போட்டி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மலேரியாவைத் தடுக்க நாம் செய்யும் கொசுவலைப் பணியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் நம் வீடுகளிலும் கடைகளிலும் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் வலை கொடுத்து வந்தோம். இந்த ஆண்டு ஏரிக்கரையில் ஒரே குடியிருப்பை எடுத்துக்கொண்டு, இரண்டு பேருக்கு ஒரு வலை என்று வீடு விடாமல் கொடுத்தோம். "தெரிந்தவர்களை விட்டுவிட்டு ஏன் இப்படி?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இதற்குப் பதில் நம் பக்கத்திலேயே கிடைத்திருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் அசெம்போ, கெம் பகுதிகளில் கொசுவைக் கொல்லும் மருந்து தோய்த்த வலைகளை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. வலை கட்டிய ஊர்களில் குழந்தைச் சாவு குறைந்தது. அந்த ஊர்களிலிருந்து 300 மீட்டருக்குள், வலையே இல்லாத வீடுகளிலும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் முற்றுவதற்குப் பத்து நாள் போல ஆகும். அதற்குள் அந்தக் கொசு இரத்தம் தேடி இரவில் பலமுறை வந்தாக வேண்டும். எல்லா வீட்டிலும் வலை தொங்கினால், ஏதோ ஒன்றில் உட்கார்ந்து மருந்து பட்டுச் செத்துவிடும்.

நாம் வலை கொடுத்த குடியிருப்பில், பகலில் உட்காரும் அறையில்தான் இரவில் பிள்ளைகள் பாய் விரித்துப் படுக்கிறார்கள். வலை கட்டக் கட்டில் ஏது? கூரைச் சட்டத்தில் ஆணி அடித்து, பகலில் சுருட்டி மேலே முடிந்துவைக்கும்படி கயிறு கட்டிக் கொடுத்தோம். ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுவதைப் பிள்ளைகளே செய்து காட்டினார்கள். ஒரு வாசலில் வலைமேல் ஒமேனா மீன் காய்ந்துகொண்டிருந்தது. அது கிழிந்த பழைய வலை. புதியது உள்ளே தொங்கியது. பார்த்த பிறகுதான் மனம் ஆறியது.

இந்த வலைகள் மூன்று ஆண்டு போல உழைக்கும். சாதாரண சோப்பில் அலசி நிழலில் காயப்போட வேண்டும் என்பதை ஊர்ச் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சொல்லி வருகிறார்கள். அவர்களுக்கு நம் நன்றி. மலேரியாத் தடுப்பூசி வந்துவிட்டதே என்று வலையை விட்டுவிட முடியாது, இரண்டும் வேண்டும்.

வரும் ஆண்டில் அடுத்த குடியிருப்பையும் இதேபோல் முழுதாக முடிக்கச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. சனிக்கிழமைகளில் வண்டி தரக்கூடியவர்களும் ஏணி ஏறி ஆணி அடிக்கக்கூடியவர்களும் இன்றே பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்