கேட்டது கிழ ராஜா, வந்தது இளவரசர்

வணக்கம்.

உங்களிடம் ஆர்டர் செய்த கேன்வாஸ் பிரிண்ட் நேற்று வந்து சேர்ந்தது. பிரெஞ்சு ஓவியர் இயசிந்த் ரிகோ 1701இல் வரைந்த, பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயியின் படம். பேக்கிங்கில் குறை சொல்ல முடியாது, ஒரு மூலைகூட நசுங்கவில்லை. ஆனால் பிரித்துப் பார்த்தால் உள்ளே நிற்பவர் வேறு யாரோ.

அந்தப் படத்தில் லூயிக்கு 63 வயது. பல் போய் உள்ளே அமுங்கிய வாய், ஒட்டிய கன்னம், தாடைக்குக் கீழே தளர்ந்த சதை எல்லாம் அசலில் தெரியும். முகத்தை மட்டும் தனியாகச் சின்னத் துணியில் வரைந்து, அப்புறம் பெரிய கேன்வாஸில் பதித்திருக்கிறார் ரிகோ. அவ்வளவு பாடுபட்டு வரைந்த முகத்தை நீங்கள் வழவழவென்று இழைத்து, கன்னத்தை உப்ப வைத்து, உதட்டோரம் ஒரு சிரிப்பையும் ஒட்டியிருக்கிறீர்கள். அந்தப் பெரிய பொய்முடியைக் கழற்றிவிட்டால் சோப்பு விளம்பரத்துக்கே அனுப்பலாம்.

சாட்டில் கேட்டால் உங்கள் ஊழியர், "பழைய படம் என்றால் முகத்தைச் சரிசெய்துதான் தருவோம் சார், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை" என்கிறார். சரிசெய்ய அங்கே என்ன பழுது இருந்தது? ஸ்பெயினில் ராஜாவாகியிருந்த பேரனுக்கு அனுப்பத்தான் லூயி இதை வரையச் சொன்னார், வரைந்து முடித்ததும் பிடித்துப்போய்த் தானே வைத்துக்கொண்டார். அவருக்கே உறுத்தாத கிழமுகம் உங்களுக்கு ஏன் உறுத்துகிறது?

அப்புறம் கால். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அசல் 277 சென்டிமீட்டர் உயரம், 194 அகலம். அந்த விகிதம் பார்த்துத்தான் 100க்கு 70 என்று ஆர்டர் போட்டேன். டேப் வைத்து அளந்தால் 85க்கு 70 இருக்கிறது, கையில் இருந்த ஃபிரேமுக்காகக் கீழே 15 சென்டிமீட்டரை நறுக்கிவிட்டீர்கள் போல. சிவப்புக் குதிகால் வைத்த அந்தச் செருப்பு கணுக்காலோடு போய்விட்டது.

இதை வாங்கியதே எங்கள் வரலாற்று ஆசிரியர் ஓய்வு பெறும் நாளில் கொடுக்கத்தான். "முதலில் முகத்தைப் பாருங்கள், அப்புறம் காலைப் பாருங்கள்" என்பார் வகுப்பில். முகம் கிழவருடையது, வெள்ளைக் காலுறை போட்ட கால் மட்டும் பாலே ஆடுகிறவனுடையது (லூயி 14 வயதில் சூரியனாக வேடம் போட்டு ஆடியவராயிற்றே). செங்கோலைக்கூடத் தலைகீழாகப் பிடித்து, கைத்தடி மாதிரி ஊன்றிக்கொண்டு நிற்பார். இப்போது முகமும் இல்லை, காலும் இல்லை. செங்கோல் மட்டும் நல்லவேளையாகத் தப்பித்தது.

28ஆம் தேதிக்குள், முகத்தில் கை வைக்காமல், முழு அளவில் புதிய பிரிண்ட் வர வேண்டும். முடியாதென்றால் இரண்டு நாளில் சொல்லிவிட்டு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள், இதைத் திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையதுதான். அடுத்த ஆர்டருக்குக் கூப்பன் தருகிறோம் என்று மட்டும் எழுதாதீர்கள். ஆர்டர் ரசீதும், டேப் வைத்து எடுத்த போட்டோவும் இணைத்திருக்கிறேன்.