கருவாடு கொண்டு வரலாம், கருவேப்பிலை கூடாது

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி
நவம்பர் 23, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

கல்யாணச் சான்றிதழோட நீ வெச்சு அனுப்பின கடிதம் புதன்கிழமை வந்துச்சு. மூணு மாசமா போன்லயே ஒப்பேத்தறேன்னு திட்டியிருக்கே. நீ பேச ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷம் ஆயா போனைப் பிடுங்கிக்குது, அப்புறம் என்னத்தைப் பேசறது? இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. இங்க கடை திறக்காது, சுவத்துல ஆணி அடிச்சாக்கூட சண்டைக்கு வருவாங்க. அதான் உட்கார்ந்து எழுதறேன்.

தம்பியும் அவன் வீட்டுக்காரியும் இங்க வர ஏற்பாடு பண்றாங்கன்னு படிச்சேன், சந்தோஷம். அவனுக்கு நேரா எழுதினா பாதி படிச்சுட்டு வெச்சுடுவான். நீயே படிச்சுக் காட்டு.

ரெண்டு பேருக்கும் வேலை கிடைச்சாதான் கிளம்ப முடியும்னு நெனச்சுட்டு இருக்கான் போல. தேவையில்லை. ஒருத்தருக்கு ப்ளூ கார்டு, அதான் படிச்சவங்களுக்குக் குடுக்கற வேலை விசா, கிடைச்சா போதும். கூட வர்ற புருஷனோ பொண்டாட்டியோ ஜெர்மன் பரீட்சை எழுதாமலே வரலாம், எந்த வேலையிலயும் சேரலாம். சட்டம் தாராளமாத்தான் இருக்கு. ஆனா இன்டர்வியூல முக்காவாசி ஜெர்மன்லதான் கேக்கறாங்க. அதனால ரெண்டு பேரும் அங்கேயே ஜெர்மன்ல பி1ங்கிற நடு நிலை வரைக்கும் முடிச்சுட்டு வரட்டும். இங்க வந்தப்புறம் வேலைக்கும் போயிட்டு ராத்திரி வகுப்புல உட்கார உடம்புல தெம்பு இருக்காது. கார்டு வெச்சிருக்கறவன் பி1 முடிச்சிருந்தா 21 மாசத்துல நிரந்தரமாத் தங்க அனுமதி கேக்கலாம், ஆரம்ப நிலையான ஏ1 மட்டும்னா 27 மாசம். வேலைக்கு எழுதிப்போடறதுக்கு முன்னாடி வெளிநாட்டுப் படிப்பை இங்க ஏத்துக்கறாங்களான்னு காட்டற அனாபின்ங்கிற பட்டியல்ல அவன் காலேஜும் டிகிரியும் இருக்கான்னு பார்க்கச் சொல்லு. காலேஜுக்கு நேரா எச் பிளஸ்னு இருக்கணும், ஏத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்.

பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் கட்டத்துல என்ன இருக்குன்னு இப்பவே பார்க்கச் சொல்லு. இனிஷியலோட வாழ்ந்த நமக்கு அது பெரிய விஷயமாத் தோணாது. எனக்கு அங்க அப்பா பேர் இருக்கு. அதனால பேங்க், ஆபீஸ், டாக்டர் எல்லா இடத்திலயும் நான் அப்பா பேர்தான். டாக்டர்கிட்ட காத்திருக்கும்போது அந்தப் பேரைக் கூப்பிட்டா, அப்பாவை யாரோ கூப்பிடறாங்கன்னு இன்னமும் ஒரு நிமிஷம் சும்மாவே உட்கார்ந்திருக்கேன்.

வீட்டுக்குள்ள போன ரெண்டு வாரத்துல நகராட்சி ஆபீஸ்ல பதியணும். அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தனிச் சீட்டு ஒண்ணு வேணும், வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. முதல் மாசத்துக்குப் பிடிக்கற தற்காலிக ரூம்ல இந்தச் சீட்டு தருவாங்களான்னு பணம் கட்டறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கணும். நிறைய பேர் மாட்டறது இங்கதான். பதிவு பண்ணாதான் வரி எண் வரும், அதுவும் தபால்ல. பெட்டியில உன் பேர் ஒட்டலேன்னா தபால் திரும்பிப் போயிடும். இங்க பெரும்பாலும் பிளாட்டுக்கு நம்பரே கிடையாது, பேர்தான்.

வாடகையில குளிர் வாடகை, சூடு வாடகைன்னு ரெண்டு. குளிர் வாடகை வெறும் வீட்டுக்கு மட்டும். சூடு வாடகையில ஹீட்டர், தண்ணி, குப்பை எல்லாம் உத்தேசமாச் சேர்த்திருப்பாங்க. வருஷக் கடைசியில கணக்குப் பார்த்து மிச்சத்தைக் கேட்டு பில் வரும், ரொம்ப நிதானமா வரும். அட்வான்ஸ் அதிகபட்சம் மூணு மாசக் குளிர் வாடகை, மூணு தவணையாக் கட்டச் சட்டம் இடம் குடுக்குது. ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கட்டும், பல வீட்ல சமையலறையே இருக்காது. அடுப்பு, தொட்டி, அலமாரி எதுவும் இருக்காது, மேல விளக்கு இருக்கவேண்டிய இடத்துல ரெண்டு ஒயர் தொங்கும். ஏற்கெனவே குடியிருந்தவங்ககிட்ட அவங்க சமையலறையை விலை பேசி வாங்கறதுதான் லாபம்.

குளிர் பத்திக் கேட்டிருந்தே. வெளியில குளிர் ஒண்ணும் பண்ணாது. வீட்டுக்குள்ள பூஞ்சைதான் எமன். நம்ம மாதிரி சோறு வடிச்சு, இட்லி ஊத்தினா அந்த ஆவி எல்லாம் குளிர்ந்த மூலையில போய்ப் படியும், பத்தே நாள்ல சுவரு கறுத்துடும். பெயின்ட் செலவு நம்ம தலையில. ஜன்னலைக் கொஞ்சமா சாய்ச்சு வெச்சா பத்தாது. ஹீட்டரை மூடிட்டு, ஜன்னலை முழுசாத் திறந்து அஞ்சுலேர்ந்து பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு தடவை. ஹீட்டர்ல 3ன்னா சுமாரா 20 டிகிரி. 5ல வெச்சா சீக்கிரம் சூடாகும்னு நெனச்சு உன் மாப்பிள்ளை மாதிரி திருகக் கூடாது, பில்தான் சூடாகும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்தது கீழ்வீட்டுப் பாட்டிதான். எண்பது வயசு இருக்கும். இந்த ஊர்ல கேர்வோஹேன்னு ஒரு வழக்கம். ஒரு சின்னப் பலகை வாரா வாரம் ஒவ்வொரு வீட்டுக் கதவுலயும் மாறி மாறித் தொங்கும். தொங்கற வாரம் மாடிப்படி துடைக்கற முறை நமக்கு. பாட்டி கைப்பிடிக் கம்பிக்கு அடியில விரலை வெச்சுத் தேய்ச்சு, தூசியை என் முகத்துக்கு நேரா காட்டும். நம்ம ஆயாவும் இதுவும் ஒரே வீட்ல இருந்தா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பார்த்தேன்.

மாவு புளிக்குதான்னு கேட்டே. ஓவனைச் சூடு பண்ணாம, உள்ள இருக்கற விளக்கை மட்டும் போட்டு பாத்திரத்தை பன்னெண்டு மணி நேரம் வெச்சா பொங்குது. அரிசி, உளுந்து எல்லாம் ஈழத்தமிழர் கடையில கிடைக்கும். மீன்தான் இல்லை. ஐஸ்ல கிடக்கற வஞ்சிரத்தைக் காசிமேட்டுக்காரி மீன்னு ஒத்துக்க மாட்டா.

உன் மாப்பிள்ளைக்கு இப்ப வாரத்துல மூணு நாள்தான் வேலை. கார் உதிரிபாகம் பண்ற இடத்துல எல்லாம் இந்த வருஷம் அப்படித்தான். நல்ல ஓய்வு, பயப்படாதே. காலி பாட்டில் சேர்க்கறதுல இறங்கியிருக்கார். கடையில இருக்கற மிஷின்ல திருப்பிப் போட்டா, ஒரு தடவை மட்டும் பயன்படுத்தற பிளாஸ்டிக் பாட்டில் ஒண்ணுக்கு 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8. நசுக்கக் கூடாது, மேல இருக்கற குறியை மிஷின் படிக்கணும். சீட்டு வரும், கடையில சாமானுக்குக் கழிச்சுப்பாங்க. போன வாரம் பால், ரொட்டி ரெண்டும் அதுலயே ஆச்சு. விளையாட்டாத்தான்.

இந்த மாசம் பணம் பத்துத் தேதிக்கு மேலதான் வரும். பேங்க்ல ஏதோ மாத்தறாங்க.

என் மாடி ரூமை வாடகைக்கு விடலாமான்னு கேட்டிருக்கே. என்னைக் கேக்கணுமா? விடு. அங்கயும் இப்ப சட்டப்படி மூணு மாச அட்வான்ஸ்தான், பத்து மாசம் கேட்டு அப்பா பழைய பாட்டுப் பாட வேணாம். ஆனா மழை முடியற வரைக்கும் விடாதே. கைப்பிடிச் சுவரும் தட்டோடும் சேர்ற இடத்துலதான் விரிசல். ஈரத்தோட பூசினா உள்ளயே தண்ணி நிக்கும். தை மாசம் காய்ஞ்சதும் ஒரு வரிசை ஓட்டைப் பேத்துட்டு, வாட்டர்ப்ரூஃப் கலந்து பூசச் சொல்லு. ராத்திரி ஹார்பர்ல கப்பல் சங்கு ஊதறது அந்த ரூம்ல இன்னும் கேக்குதா? இங்க நாலரைக்கே இருட்டிடுது, அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

பாகப்பிரிவினைக்கு நான் நேர்ல வரணும்னு பெரியப்பா சொல்றதை விடு, இப்ப டிக்கெட் எல்லாம் வேணாம். மூனிச்ல நம்ம கான்சுலேட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, தம்பி பேருக்கு பவர் அனுப்பறேன். அவன் இங்க கிளம்பறதுக்குள்ள இதை முடிக்கணும். பவர் அங்க வந்த மூணு மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் வரி கட்டிடணும், தவறினா பெரிய சிக்கல். பாகப்பிரிவினைக்கு மட்டும்தான் எழுதுவேன். விக்கற அதிகாரம் அதுல வராது, பெரியப்பா எவ்வளவு கேட்டாலும்.

அப்பா பென்ஷனுக்கு உயிர்ச்சான்று குடுத்தாச்சா? நவம்பர் முடிய ஒரு வாரம்தான்.

தம்பி வரும்போது நெத்திலிக் கருவாடு அரைக்கிலோ, ரெண்டு கவர் போட்டுக் கட்டிக் குடு. மீன் வகை 20 கிலோ வரைக்கும் விடுவாங்க. நெய், பால்கோவா, கறி எதுவும் கூடாது, கஸ்டம்ஸ்ல குப்பையில போட்டுடுவாங்க. கருவேப்பிலையும் கூடாது. தேங்கா விடுவாங்க.

உன் மகள்

பி.கு: என் பங்கு தோராயமா எவ்வளவு வரும்னு அப்பாகிட்ட கேட்டு எழுது. சும்மா தெரிஞ்சுக்கத்தான்.